எடை அட்டையில் ஒரு புள்ளி

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதனால் புதுச்சேரி உப்பளத்தில் வளரப்போகும் குழந்தைகள் பலருக்கு முதல் எடை கடலூரிலோ விழுப்புரத்திலோ போடப்படுகிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையும் புகுந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் இங்குள்ள அங்கன்வாடியில் பெயர் ஏறும். எடை போட்டுச் செயலியில் பதிந்ததும், இயல்பான எடையா, குறைந்த எடையா, மிகக் குறைந்த எடையா என்று விடை வந்துவிடும். வரைபடத்தில் அது ஒரே ஒரு புள்ளி. அதற்கு முந்தைய மாதங்களில்தான் அந்தக் குழந்தை வாழ்நாளிலேயே மிக வேகமாக வளர்ந்திருக்கும். அந்த வேகம் அட்டையில் இல்லை.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் புள்ளியியல் சாதாரணமானதல்ல. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் குழந்தைகளை அளந்தது. இந்தியாவுக்காகத் தெற்கு தில்லியின் வசதியான வீட்டுப் பிள்ளைகள். தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளரும் குழந்தை எப்படி வளர வேண்டும் என்பதே கேள்வி. 2006இல் வெளியான வளைகோடுகளில் ஒவ்வொரு வயதுக்கும் நடு எடை, எடைகள் அதைச் சுற்றிச் சிதறும் அளவு, அந்தச் சிதறல் ஒரு பக்கம் சாயும் விதம் மூன்றும் தனித்தனியே கணக்கிடப்பட்டன. கனமான குழந்தைகளின் பக்கம் நீளமாக இழுபடும் எடைப் பரவலை நேர்மையாகக் காட்ட இது அவசியம்.

இதற்கு முன் உலகெங்கும் புழங்கிய 1977ஆம் ஆண்டு அமெரிக்க அளவுகோலில், கைக்குழந்தைகளின் கணக்கு பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த ஒகாயோ மாநிலக் குழந்தைகளுடையது. அதோடு ஒப்பிட்டால், நன்றாகத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகூட மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு பின்தங்குவதுபோல் தெரியும். பால் போதவில்லை என்று எத்தனை தாய்மார்கள் கலங்கிப் புட்டியை எடுத்திருப்பார்கள்! அளவுகோல் மாறியது பெரும் நன்மை. இந்தியர்களுக்கு இது உயர்வான அளவு, நம் பிள்ளைகள் இயல்பிலேயே சிறியவர்கள் என்று பொருளியலாளர் அரவிந்த் பனகரியா 2013இல் எழுதினார். 1980களிலேயே பொருளியலாளர் டேவிட் செக்லர் இதை ஒத்த கருத்தைச் சொன்னதை ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் கடுமையாக மறுத்தார். நான் கோபாலன் பக்கம். உணவும் சுகாதாரமும் கிடைத்த தில்லிக் குழந்தைகள் ஆஸ்லோ குழந்தைகளை ஒட்டியே வளர்ந்தார்கள். அளவுகோலைத் தாழ்த்தினால் எண்ணிக்கை குறையும், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது.

என் மனக்குறை வளைகோட்டின் மீது இல்லை. அதைப் பயன்படுத்தும் விதத்தின் மீதுதான். 6 மாத ஆண் குழந்தைகள் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 6.6 கிலோ. குறைந்த எடைக்கான எல்லை 6.4 கிலோ என்பதால் இருவரும் இயல்பைக் குறிக்கும் பச்சைப் பட்டையில் இருக்கிறார்கள். ஒருவன் 2.2 கிலோவில் பிறந்து ஏறி வந்தவன். மற்றவன் 3.6 கிலோவில் பிறந்து இறங்கி வந்தவன். எடை மிகுந்து பிறந்த பிள்ளை நடுவை நோக்கிக் கொஞ்சம் இறங்குவதும் சிறிதாய்ப் பிறந்தது ஏறுவதும் இயல்பு. கருப்பையின் அளவும் தாயின் உடல்நிலையும் பிறப்பெடையில் தலையிடுகின்றன. ஆனால் நடுக்கோட்டுக்கு மேலிருந்தவன் கீழ் எல்லையின் விளிம்புக்கு வந்தது இயல்பான இறக்கம் ஆகாது. அவனுக்கு வயிற்றுப்போக்கா, பால் குறைந்ததா, காசநோய்த் தொற்றா என்று பார்க்க வேண்டும். செயலி அவனை இயல்பு என்கிறது.

இதைத் தமிழ்நாடு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தது. உலக வங்கி உதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளையைத் தேர்ந்து 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்பதோடு எப்படிப் போகிறது என்றும் கேட்ட திட்டம் அது. கிராமத்துப் பணியாளரின் கையில் இருந்த அட்டையே அதன் கணினி. அந்தக் கேள்வி இப்போது பின்னுக்குப் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

போக்கைப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முதல் மாதம் முடிந்து இரண்டாம் மாதம் முடிவதற்குள் ஆண் குழந்தையின் நடு எடை 4.5இலிருந்து 5.6 கிலோவுக்கு ஏறுகிறது. ஒன்பதாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையே ஏறுவது ஏறக்குறைய 300 கிராம்தான். பல்லாண்டு புழங்கிய தொங்கு தராசில் ஒரு கோடு 100 கிராம். ஒவ்வொரு முறையும் 100 கிராம் பிசகு இருந்தால், இரண்டு எடைகளின் வித்தியாசத்தில் பிசகு 140 கிராம் ஆகிவிடும். எடை போடும் முன் பால் குடித்ததா, சட்டையைக் கழற்றினார்களா என்பது தனி. ஆக, பத்து மாதப் பிள்ளை 'இந்த மாதம் ஏறவில்லை' என்பதில் பாதி தராசின் சொல். முதல் ஆறு மாதத்தில் மாதக் கணக்கு தெளிவாகப் பேசும். அதன் பிறகு மூன்று மாதக் கணக்குத்தான் நம்பத் தக்கது. ஒரே இடைவெளியை எல்லா வயதுக்கும் வைப்பது பிழை.

குழந்தைகளைப் போலவே கன்றுகளுக்கும் வளர்ச்சிக் கணக்கு உண்டு, ஆனால் அங்கே நிலைமை வேறு. கால்நடை வளர்ச்சிக் கணக்குக்குப் பெரிய அடித்தளம் அமெரிக்காவின் மிசௌரியில் சாமுவேல் பிராடி 1945இல் வெளியிட்ட நூல். முதிர்ந்த எடை, அதை நோக்கிப் போகும் வேகம், தொடக்க நிலை என்று மூன்றே எண்களில் ஒரு மாட்டின் வளர்ச்சியை அடக்கிவிடலாம். மனிதப் பிள்ளைக்கு இது பொருந்தாது. அதற்குக் கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு வேகம், நடுவே நீண்ட நிதானம், பூப்பெய்தும் காலத்தில் இன்னொரு பாய்ச்சல்.

மாட்டில் ஒற்றை எல்லைக்கு நியாயம் உண்டு. கிடாரி முதிர்ந்த எடையில் சுமார் 60 விழுக்காட்டை எட்டியதா என்று பார்த்துத்தான் சினை ஊசி போட வேண்டும். விவசாயிக்கு வேண்டியது ஆம் அல்லது இல்லை என்ற பதில். எடை மேடை இல்லாத வீட்டில் நாடாவைச் சுற்றி, மார்புச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 10,840ஆல் வகுத்தால் (எல்லாம் செ.மீ. கணக்கில்) கிலோவில் எடை வரும். ஆனால் அந்த 10,840 உம்பளச்சேரிக்கும் ஜெர்சிக் கலப்புக்கும் ஒன்றாக இருக்க முடியாது. கலப்பினக் காளைக்கன்றுகள் சீக்கிரம் கைமாறிவிடுவதால், பதிவேட்டில் நிற்பவை பெரும்பாலும் கிடாரிகள். எஞ்சியவற்றை வைத்து வரைந்த வளைகோடு, விடுபட்டவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஐந்தாம் மாதத்தில் அட்டை தொடங்கும் உப்பளத்துப் பிள்ளையின் குறையும் இதே இனம்தான்.

மந்தையில் பின்தங்கிய கன்றை விற்றுவிடலாம். அங்கன்வாடியிலோ பின்தங்கியவர்களைத் தேடித்தான் கணக்கே போடுகிறோம். எனவே கோட்டின் தவறான பக்கத்தில் ஒருவனை வைத்துவிடும் பிழைக்கு இங்கே விலை பெரிது. எடையாலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. புனேயில் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கின் குழுவினர் அளந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும், தோலடிக் கொழுப்பில் புனே குழந்தைகள் அந்த அளவு குறையவில்லை, தசைதான் குறைந்தது. தட்டில் சோறும் எண்ணெயும் கூட்டி எடையை மட்டும் ஏற்றினால் அந்த உடலுக்கு என்ன ஏறும் என்று யோசிக்க வேண்டும்.

தடுப்பூசிக்காகப் பெரும்பாலான குழந்தைகள் 6, 10, 14ஆம் வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் செவிலியரிடம் வருகின்றன. பிறந்த எடையோடு அந்த நான்கு வருகைகளின் எடையையும் தாய் சேய் அட்டையில் எழுதிவிட்டால், எந்த ஊரில் பிறந்திருந்தாலும் உப்பளம் அங்கன்வாடிக்கு வரும்போது பிள்ளைக்கு ஒரு கோடு இருக்கும். புதுச்சேரி சிறிய பரப்பு. 10 கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசை எல்லாத் தடுப்பூசி மையங்களிலும் வைப்பது இங்கே முடியாத காரியமல்ல. செயலியும் பட்டையின் நிறத்தோடு, பிறந்த எடைக்கு எதிர்பார்க்கும் ஏற்றம் எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று இரண்டு எண்களைக் காட்ட வேண்டும்.