குல்மார்க்கில் வாடகை ஸ்கீ: காலுக்கும் பனிக்கும் நடுவே ஒரு திருகாணி

குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கு கற்கப் போகிறவர்கள் ஓட்டல், கேபிள் கார் டிக்கெட், ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசுகிறார்கள். காலில் மாட்டிக்கொண்டு மலையிறங்கப் போகிற சாதனத்துக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். வாடகைக் கடைக்காரர் செருப்பு நம்பரைக் கேட்பார்; எட்டு என்றால் எட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அந்தக் கடையில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவருக்குத்தான் மிச்ச விடுமுறை உருப்படும் என்பது என் கட்சி. அதனால் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது வாடகை செட்: பூட்ஸ், ஸ்கீ, இரண்டையும் பிணைக்கும் பைண்டிங்.

முதலில் பூட்ஸ். வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஷெல், உள்ளே உருவி எடுக்கக்கூடிய மெத்தை லைனர், முன்பக்கம் நான்கு பக்கிள், மேலே ஒரு வெல்க்ரோ பட்டை. இதன் அளவு செருப்பு நம்பர் அல்ல, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். வீட்டிலேயே குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள். 26, 26.5 இரண்டுக்கும் பெரும்பாலும் ஷெல் ஒன்றுதான் என்பதால் அரை நம்பருக்காகச் சண்டை போட வேண்டாம். லைனரை உருவிவிட்டு, வெறும் ஷெல்லுக்குள் காலை விடுங்கள். பெருவிரல் முன்னால் இடிக்கும் வரை தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் விரல்களை நுழைத்துப் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு விரல் போனால் சரி, மூன்று விரல் தாராளமாகப் போனால் வேறு ஜோடி கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

எனக்கு முதலில் கிடைத்த ஜோடி மெத்தென்று சொகுசாக இருந்தது. ஊர்ப்பட்ட கால்கள் நுழைந்து நுழைந்து லைனர் நசுங்கிப்போயிருந்ததுதான் அந்தச் சொகுசுக்குக் காரணம். பக்கிளை இறுக்கி, முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்ததும் உள்ளே குதிகால் எழும்பியது. குதிகால் எழும்பும் பூட்ஸில் நீங்கள் காலைத் திருப்புவீர்கள், ஸ்கீ திரும்பாது. மாற்றி வாங்கிய ஜோடி நிமிர்ந்து நின்றால் விரலை இடித்தது, முன்சாய்ந்தால் விரல் பின்வாங்கியது. இப்படித்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பொறித்திருக்கும் ஃப்ளெக்ஸ் எண் ஷெல் எவ்வளவு விறைப்பு என்பதைச் சொல்கிறது. புதியவருக்கு 60 முதல் 80 போதும். ஆனால் இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 80 இன்னொன்றின் 90 போல இருக்கும்.

குளிருக்குப் பயந்து நம்மவர்கள் இரண்டு சாக்ஸ் போடுவார்கள். வேண்டாம். இரண்டாவது சாக்ஸ் மடிந்து ரத்த ஓட்டத்தை நெருக்கினால் கால் இன்னும் சில்லிட்டுப் போகும். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்று மட்டும் போதும். தெர்மல் பேன்ட்டின் நுனியைக்கூட பூட்ஸுக்குள் செருகக் கூடாது. இரவில் பூட்ஸை அறைக்குள் எடுத்து வையுங்கள். வெளியே விட்டால் பிளாஸ்டிக் விறைத்து, காலையில் காலை நுழைப்பதே பெரும்பாடாகிவிடும். அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்புக்கு அருகிலும் வைக்காதீர்கள். சூட்டில் லைனர் வீணாகும்.

இப்போது பைண்டிங். பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வ் மாதிரி, வேலை வரும் வரை யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. முன்முனையை முதலில் செருகி, குதிகாலை மிதித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஸ்கீயின் இருபுறமும் தொங்கும் பிரேக் கம்பிகள் மேலே மடங்கும். பூட்டவில்லை என்றால் பூட்ஸின் அடியில் பனி அப்பியிருக்கும். கைக்கோலால் சுரண்டிவிட்டு மறுபடி மிதியுங்கள். எம்பிக் குதித்து மிதிப்பவர்களைப் பார்த்தால் பைண்டிங்குக்காகப் பாவமாக இருக்கும்.

பூட்டுவது இதன் பாதி வேலைதான், மீதி கழன்றுகொடுப்பது. கால் முறுக்கிக்கொண்டால் முன்முனை பக்கவாட்டில் திறக்கும், முன்னால் குப்புற விழுந்தால் குதிகால் பக்கம் மேல்நோக்கித் திறக்கும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகனில் குடியேறிய யால்மர் ஹ்வாம் என்ற பனிச்சறுக்கு வீரர், 1937இல் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யோசித்ததிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை ஒரு திருகாணி தீர்மானிக்கிறது. அதன் மேல் சிறு கண்ணாடிச் சாளரத்தில் தெரியும் எண்ணை ஸ்கீக்காரர்கள் 'டின்' என்பார்கள். வாடகை பைண்டிங்குகளில் இது வழக்கமாக 3இலிருந்து 10 வரை ஓடும். ஐ.எஸ்.ஓ. 11088 தர அட்டவணைப்படி உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், நீங்கள் நிதானமாகச் சறுக்குபவரா வேகக்காரரா என்ற ஐந்தையும் சேர்த்துத்தான் அந்த எண்ணை வைக்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்கு ஒரு படி குறையும். எண் கூடினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். குறைந்தால் திருப்பத்தின் நடுவே ஸ்கீ தானாகக் கழன்று ஓடும்.

நான் போன கடையில் எடையைக் கேட்கவே இல்லை. முன்பு வாடகைக்கு எடுத்தவருக்கு வைத்த எண்ணே சாளரத்தில் நின்றது, அதிலும் இடதும் வலதும் வேறு வேறு. அட்டவணையைப் போனில் காட்டிய பிறகுதான் ஸ்க்ரூட்ரைவர் வெளியே வந்தது. பூட்ஸின் குதிகால் பக்கம் அடிநீளம் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். பைண்டிங் நகரும் தண்டவாளத்திலும் அதே எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். திருகாணியில் நீங்களே கை வைக்காதீர்கள். பழைய பைண்டிங்கில் எண் ஒன்று சொல்லும், ஸ்பிரிங் வேறு சொல்லும் என்பதும் உண்டு. துருவும் ஆட்டமும் தெரிந்தால் வேறு ஜோடி கேட்பதே உத்தமம்.

கற்பவர்கள் பழகும் கிண்ணம் போன்ற சமதளத்தில் நான் திரும்ப முயன்று முறுக்கி விழுந்தபோது, வலது ஸ்கீ கழன்று, பிரேக் கம்பிகள் பனியில் ஊன்றி, இரண்டடி தள்ளி நின்றுவிட்டது. காலுக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு பெரிய குறை உண்டு. கணுக்காலையும் கெண்டைக்கால் எலும்பையும் காப்பாற்றுகிற அளவுக்கு முழங்காலைக் காப்பாற்றாது. பின்பக்கமாக உட்கார்ந்தபடி விழும்போது முழங்காலின் தசைநார் கிழிவதை இந்த ஸ்பிரிங்குகளால் உணர முடிவதில்லை. விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் சாய்ந்து விழுங்கள். நின்றுவிடலாம் என்று பின்னால் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டாம்.

ஸ்கீயைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. நிறுத்தி வைத்தால் முகவாய்க்கு வர வேண்டும், நடு அகலம் 70–80 மில்லிமீட்டர், ஓரத்து இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். கடைக்காரர் பெருமையாகக் காட்டும் அகலமான பவுடர் ஸ்கீ உங்களுக்கானதல்ல.

ஊரைப் பற்றிச் சில வார்த்தை. பனிக்கு நம்பகமான காலம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய, அதுவும் உறுதியில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்த புல்லாகக் கிடந்தது, பனி வந்தது மாதம் முடிகிற வேளையில்தான். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கற்பவருக்கு 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கிண்ணமே போதும். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேலே அஃபர்வத் வரை தூக்கிச் செல்லும். வேடிக்கை பார்க்கப் போகலாம், ஸ்கீயோடு வேண்டாம். பாதை போடாத அந்தச் சரிவுகளில் 2024 பிப்ரவரியில் பனிச்சரிவில் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். தேர்ந்தவர்களே வழிகாட்டி, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன், மண்வெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு, அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்த பிறகுதான் இறங்குவார்கள்.

காசு போட்டு வாங்க வேண்டியவை சாக்ஸ், நீர் புகாத கையுறை, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. மற்றதெல்லாம் வாடகைக்கே சரி. மறு வருடமும் போவது நிச்சயம் என்றால் முதலில் வாங்க வேண்டியது பூட்ஸ், ஸ்கீ அல்ல. கணவன் காலையில் சறுக்கிய அதே செட்டில் மதியம் மனைவி சறுக்குவதாகப் பேசி ஒன்றை மட்டும் வாடகைக்கு எடுக்கிற சிக்கனக்காரர்களும் இருக்கிறார்கள். பூட்ஸ் பொருந்தினால்கூட அப்படியே மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்; கடைக்கு நடந்து போய், எடையைச் சொல்லி, திருகாணியை மாற்றி வைத்துவிட்டுக் கொடுங்கள்.