தனிமொழி யாரிடம் பேசுகிறது?

நம்ம ஊர் நடிப்பு வகுப்புகளில் தனிமொழி சொல்லிக்கொடுக்கிற விதத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பேசுகிற பாத்திரம் யார், அதன் மனசில் என்ன வலி, குரல் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். கேட்கிறவர் யார் என்ற கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை.

இது பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆண்டு விழாவில் 'மோனோ ஆக்டிங்' என்றால் ஒருவர் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சி செய்வார், இன்னொருவர் கட்டபொம்மன். 1952-இல் மு. கருணாநிதி எழுதி சிவாஜி கணேசன் பேசிய அந்த வசனத்தை வெறும் மேடைப்பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. குணசேகரன் காற்றைப் பார்த்துப் பேசவில்லை. எதிரே நீதிபதி இருக்கிறார். அவர் அவனுடைய சொந்த அண்ணன் என்பது பார்க்கிற நமக்குத் தெரியும். தீர்ப்பு சொல்ல வேண்டியவரிடமே கணக்குக் கேட்கிறான். கட்டபொம்மனுக்கும் எதிரே ஜாக்சன் துரை நிற்கிறார். வசனத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு முழக்கம் மட்டும் கிடைக்கிறது, எதிராளி கிடைப்பதில்லை. அதனால்தான் கண் கூரையைப் பார்க்கிறது, கை தானாகத் தூக்கிக்கொள்கிறது.

செகாவ் புகையிலையின் தீமை பற்றி ஒரு ஓரங்க நாடகம் எழுதினார். 1886-இல் எழுதியதைத் திருத்தித் திருத்தி 1902-இல்தான் இறுதி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மனைவி சொன்னதற்காக உரையாற்ற வந்த ஒரு மனிதர், புகையிலையை மறந்துவிட்டு, தன் முப்பத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையைக் கொட்டித் தீர்க்கிறார். கடைசியில் மேடை ஓரத்தில் மனைவி வந்து நிற்பதைப் பார்த்ததும் குரல் மாறுகிறது. மறுபடி கௌரவமான சொற்பொழிவாளர் ஆகிவிடுகிறார். கேட்கிறவர் மாறினால் பேச்சு மாறும். அந்த ஒரு திருப்பத்தில்தான் அவருடைய மொத்த வாழ்க்கையும் தெரிகிறது.

இதைக் கற்றுக்கொள்ள ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. மதுரை, புதுக்கோட்டை பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வருவார். வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியாக அழைக்கப்பட்ட நடிகர்கள். கூட்டு ஒத்திகை கிடையாது. கதை தொடங்கும் முன்னால் பபூன் தனியாக நின்று, ஆர்மோனியக்காரரிடம் ஒரு வார்த்தை, கூட்டத்திடம் ஒரு வார்த்தை என்று பேசியே இரவைத் தொடங்கி வைப்பார். அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட நூலில் இந்தத் தனிப்பேச்சை விரிவாக ஆராய்கிறார். ஒரு நகைச்சுவை யாரிடம் சொல்லப்படுகிறது, யார் காதில் விழுகிறது என்பதுதான் அதில் முக்கியம். பபூனுக்கு இது கூத்து மேடையிலேயே படிந்த பாடம்.

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேர்கிற இருக்கன்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் இந்த வித்தியாசத்தை நேரில் பார்த்தேன். வந்தவர்கள் சாத்தூர், சிவகாசி பக்கத்துப் பிள்ளைகள். "உங்க ஊர்க் கதையை எடுங்க" என்றதும் பலரும் வெடிவிபத்தைத்தான் எடுத்தார்கள். எப்படி எடுக்காமல் இருப்பார்கள்? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒரு பெண், மருந்து ரூமில் மகளைப் பறிகொடுத்த தாயாக வந்தார். தரையில் விழுந்து அழுதார். நாங்கள் கைதட்டினோம். உருக்கமாக இருந்தது, ஆனால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதை யார்கிட்ட சொல்றீங்க?" என்று பயிற்சியாளர் கேட்டார். கொஞ்சம் யோசித்து, "மாரியாத்தாகிட்ட" என்றார். மறுபடி செய்தார். இந்த முறை அழுகை இல்லை.

"ஏ ஆத்தா, போன ஆடிக்கு ஒனக்கு கண்மலர் வாங்கிப் போட்டேன். கண்ணு கேட்டேன், குடுத்த. இதப் பாக்கத்தான் குடுத்தியா? சொல்லு."

சொல்லிவிட்டு, பதிலுக்காக நின்றார். அந்த நிற்றலை நடிப்புப் புத்தகம் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. கண் நோய்க்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்களை அந்தக் கோயிலில் பார்த்து வளர்ந்தவருக்கு, சாமியிடம் எப்படிச் சண்டை போடுவது என்பது ஏற்கெனவே தெரியும்.

மூன்றாவது முறை, "போர்மேன்கிட்ட சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர். பேச்சு இரண்டு வரியாகச் சுருங்கியது. "அண்ணாச்சி, அந்த ரூம்ல எத்தன பேரு இருந்தாங்க? எத்தன பேரு இருக்கணும்?" ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான் என்று விதி இருப்பது பட்டாசு வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். யாரும் கைதட்டவில்லை.

அழகு என்று பார்த்தால் இரண்டாவதுதான் சிறந்தது. என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஆத்தா பதில் சொல்ல மாட்டாள், போர்மேனால் சொல்ல முடியும். வானத்தைப் பார்த்து அழுகிற தனிமொழி நம்மை நல்லவர்களாக உணரவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பட்டாசுத் தொழிலாளியின் துயரத்தை மேடையேற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். எழுத உட்காரும்போது பாத்திரத்தின் பெயருக்கு முன்னால், எதிரே இருப்பவரின் பெயரை எழுதிப் பாருங்கள். அப்புறம் எந்த வரி மிஞ்சுகிறது, எது தேவையில்லாமல் போகிறது என்பது தானே தெரிந்துவிடும்.