பெயரொப்புமையும் தலைமையும்: யோசுவா குறித்த கிறிஸ்தவ வாசிப்பு

எபிரேய மறைநூலின் தலைவர்களுள் யோசுவாவுக்குக் கிறிஸ்தவ விளக்க மரபில் கிடைத்த இடம், அவர்தம் செயல்களைக் காட்டிலும் பெயராலேயே வாய்த்தது எனலாம். அப்பெயரை எழுபதின்மர் மொழிபெயர்ப்பு கிரேக்கத்தில் ‘இயேசூஸ்’ என எழுதியது. புதிய ஏற்பாட்டில் இயேசுவின் பெயரும் அதுவே. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் எபிரெயர் 4:8இல் யோசுவாவைச் சுட்டுமிடத்தில் ‘இயேசு’ என்றே அச்சிட்டது இவ்வொற்றுமையால் நேர்ந்ததாகும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான யுஸ்தீன், ஓசேயாவுக்கு மோசே யோசுவா எனப் பெயரிட்டதை (எண்ணாகமம் 13:16) தம் வாதத்தின் சான்றாக்குகிறார். ஆபிரகாமின் பெயரில் ஓர் எழுத்துக் கூடியதை ஆராய்வோர் இதனை ஆராயாதது ஏன் என்பது திரிபோவிடம் அவர் எழுப்பும் வினா. அடுத்த நூற்றாண்டில் ஒரிகேன் நிகழ்த்திய 26 மறையுரைகள் ரூஃபீனுஸின் இலத்தீன் ஆக்கத்தில் எஞ்சியுள்ளன. அவற்றில் மோசேயின் இறப்பு திருச்சட்டத்தின் முடிவாகிறது. கானான் போர்கள் உள்ளத்துத் தீமைகளோடு நிகழும் போராகின்றன. கானானியரின் அழிவை அவ்வாறே முன்மாதிரியாகக் கொள்ள விடாத அறவுணர்வு இதில் உண்டு. அதனைக் கற்பனை விளக்கம் என்று எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும் இவ்விளக்கத்தில் மறைவது எபிரேய நூல் வரைந்த தலைவரே. அந்நூலில் யோசுவா மோசேயினும் குறைந்தவர். மோசேயின் மாட்சியில் ஒரு பகுதியே அவருக்கு உரியது. ஆசாரியன் எலெயாசார் முன் நின்று, ஊரீம் வழியாகக் கேட்டறிந்தே அவர் செயற்பட வேண்டும் (எண்ணாகமம் 27:20-21). யோசுவா நூலின் முதல் வசனம் மோசேயை ஆண்டவரின் ஊழியர் என்றும், யோசுவாவை மோசேயின் பணியாளர் என்றும் பிரித்தே அழைக்கிறது. ‘ஆண்டவரின் ஊழியர்’ என்னும் அடை அவருக்குக் கிடைப்பது இறப்புச் செய்தியில்தான் (24:29). கிபியோனியர் வஞ்சித்தபோது ஆண்டவரிடம் கேளாமல் உடன்படிக்கை செய்த குறையையும் (9:14) நூல் மறைக்கவில்லை. பகிரப்பட்ட, கணக்குக் கேட்கப்படும் அதிகாரம் இது. மோசேயை விஞ்சும் முன்னடையாளமாக அவரைக் கண்ட வாசிப்பில் இவற்றுக்கு இடமில்லை.

எபிரெயர் நிருபமோ இப்பெயரொப்புமையை அவ்வாறு கையாளவில்லை என்பது வியப்புக்குரியது. யோசுவா மக்களுக்கு இளைப்பாறுதல் அளித்து முடிக்கவில்லை என்பதே 4:8இன் வாதம். அவ்வாதம் நிற்பதற்கு அவர் தம் பணியை முடிக்காத மனிதத் தலைவராகவே இருத்தல் வேண்டும்.