வழித்தட வடிகட்டல் கொள்கையும் இயல்புநிலை மறுப்பும்: ஆர்.எஃப்.சி. 8212 குறித்த திறனாய்வு

முன்னுரை

இணையம் தனித்தனி நிருவாகத்தின்கீழ் இயங்கும் தன்னாட்சி வலையமைப்புகளின் தொகுப்பாகும். அவை பி.ஜி.பி. என்னும் நெறிமுறை வாயிலாகத் தம்முள் வழித்தடங்களை அறிவித்துக்கொள்கின்றன. அவ்வறிவிப்புகளுள் எவற்றை ஏற்பது, எவற்றைப் பிறருக்கு அனுப்புவது என்பதை வரையறுப்பதே வடிகட்டல் கொள்கை. அக்கொள்கை எழுதப்படாதவிடத்துத் திசைவி செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்கு 2017 ஜூலையில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 8212 விடையளிக்கிறது. அவ்விடையின் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிக்கலின் பின்புலம்

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்னும் வழித்தடத்தை அறிவித்தது. அது யூடியூப் அறிவித்திருந்த 208.65.152.0/22 என்னும் தொகுதிக்குள் அடங்குவது. திசைவிகள் நீண்ட முன்னொட்டுக்கே முதன்மை தருவன. மேல்நிலை வழங்குநர் அதனை வடிகட்டாது பரப்பியமையால் யூடியூப்பின் போக்குவரத்து திசைமாறியது. நிலைமை சீராக இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று.

ஆவணத்தின் நிறை

கொள்கை இல்லாவிடத்துப் பல திசைவிகள் அனைத்தையும் ஏற்று அனைத்தையும் அனுப்பிவந்தன. ஆர்.எஃப்.சி. 8212 இதனைத் தலைகீழாக்குகிறது. புற அண்டையருடனான இணைப்பில் வெளிப்படையான கொள்கை இன்றேல் எவ்வழித்தடமும் ஏற்கப்படாது; அனுப்பப்படவும் மாட்டாது. இதனால் மறதியின் விளைவு பிறரைச் சென்று தாக்காமல், மறந்தவரின் இணைப்பிலேயே வெளிப்படுகிறது. பொறுப்பை உரியவரிடம் சேர்த்தமையே இவ்வாவணத்தின் தலையாய நிறை எனலாம்.

ஆவணத்தின் குறை

எனினும், இவ்வாவணம் கொள்கையின் இருப்பை வேண்டுகிறதேயன்றி அதன் உள்ளடக்கத்தை வேண்டவில்லை. அனைத்தையும் ஏற்கும் ஒற்றை விதியை எழுதினும் அதன் நிபந்தனை நிறைவேறிவிடும். புதிய இணைப்பில் வழித்தடம் வாராதபோது, பணிநெருக்கடியிலுள்ள பொறியாளருக்கு அவ்விதியே எளிய தீர்வாகத் தோன்றக்கூடும். எஃப்.ஆர்.ஆர். மென்பொருளில் இக்கட்டுப்பாட்டையே ஒரு கட்டளையால் நீக்கிவிடவும் இயலும். முன்னர் மறதியாகத் தெரிந்தது இப்பொழுது கொள்கையின் தோற்றம் பெறுகிறது. தணிக்கையாளர்க்கு இரண்டையும் பிரித்தறிதல் அரிதாகிறது.

உள்ளடக்கத்தை 2015ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 7454 விளக்குவதால் இது குறையன்று எனலாம். ஆயின் அது நல்வழக்கப் பரிந்துரை. திசைவியைத் தானாகக் கட்டுப்படுத்தும் விதியன்று.

முடிவுரை

இயல்புநிலை மறுப்பு இன்றியமையாதது. ஆயினும் அதுவே போதுமானதன்று. முன்னொட்டின் தோற்றத்தைச் சரிபார்க்கும் ஆர்.எஃப்.சி. 6811, அண்டையரிடையேயான உறவைக் குறிக்கும் ஆர்.எஃப்.சி. 9234 ஆகியவற்றுடன் இணைத்தே இதனை மதிப்பிடுதல் வேண்டும். கொள்கை உண்டா என்பதோடு நில்லாது, அக்கொள்கை எதனை மறுக்கிறது என வினவுவதே வலையமைப்புக் கல்விக்கும் தணிக்கைக்கும் உரிய அளவுகோலாகும்.