இரண்டு பிக்கப்களுக்கு நடுவே

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டுரையில் மார்க் நாப்ஃளரை 'மரியாதையான கிட்டாரிஸ்ட்' என்று எழுதினேன். பாராட்டாக எழுதவில்லை. ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி எதையும் பணயம் வைக்காதவர், சுத்தமாக வாசிப்பார், சட்டை கசங்காது என்கிற அர்த்தத்தில் எழுதினேன். 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பற்றி அதில் இருந்தது இரண்டே வரி. இரண்டும் பாட்டின் கடைசியில் வருகிற அந்த வேகமான ஆர்பெஜியோவைப் பற்றியவை. நாலு பேர் ஷேர் செய்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டுரை தப்பு. வயசானதால் ரசனை மாறிவிட்டது என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தப்பு எங்கே நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் சுரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவை என்ன சத்தத்தில் வருகின்றன என்று கேட்கவே இல்லை.

அதைக் கற்றுக்கொண்டது ஒரு ஆபீஸ் ஆண்டுவிழா மேடையில். ஒரு ஸ்ட்ராட் காப்பி வாங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல், பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்காத சத்தத்தில் மூன்று மாதம் 'சுல்தான்ஸ்' பழகினேன். சின்ன ஆம்ப். பேஸ் 7, ட்ரெபிள் 8, மிட் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அறைக்குள் கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தது. மேடையிலும் அதே எண்களை வைத்தேன். பாட்டு ஆரம்பித்ததும் கிட்டார் காணாமல் போய்விட்டது. கீழே இருந்த இடத்தை பேஸ் கிட்டார் எடுத்துக்கொண்டது, மேலே இருந்ததை சிம்பல். எனக்கு மிச்சமிருந்தது நடுப்பகுதி. அதைத்தான் நானே திருகி மூடி வைத்திருந்தேன்.

சவுண்ட் செக் என்று ஒன்று இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். முதல் பாட்டு முடிந்ததும் மிக்ஸரில் இருந்த அண்ணன் மேடைக்கே ஏறி வந்தார்.

"தம்பி, நடுவுல ஒண்ணுமே இல்லையே?"

பேஸை 3க்குக் குறைத்தார், மிட்டை 8க்கு ஏற்றினார். நான் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தது.

"அசிங்கமா இருக்கேண்ணா."

"தனியா கேட்டா அசிங்கமாத்தான் இருக்கும். பாட்டோட கேளுங்க."

இதற்குக் காரணம் உண்டு என்று பிறகு படித்தேன். 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் பெல் ஆய்வகத்தில் அளந்து காட்டியது: சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் நடு ஒலிகளைவிட அதிகமாக இழக்கிறது. அதனால் ராத்திரி சன்னமாக வாசிப்பவன் தன்னை அறியாமல் இரண்டு பக்கத்தையும் கூட்டிக்கொள்வான். அத்தோடு, பழைய ஃபெண்டர் வகை ஆம்ப்களில் மூன்று குமிழையும் 5இல் வைத்தால் எல்லாம் சமம் என்று நினைப்போம். உண்மையில் அந்த சர்க்யூட்டிலேயே நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. மிட்டை முழுக்க ஏற்றி, மற்ற இரண்டையும் ஏறக்குறைய மூடினால்தான் சமதளத்துக்குக் கிட்டே வரும். ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டும் கொஞ்சம் நகரும். மூன்று தனித்தனி வேரியபிள் என்று நினைத்துக் கணக்குப் போட்டவனுக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது.

அடுத்து ஸ்க்ரூ டிரைவர். ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப். ஒவ்வொன்றும் ஆறு காந்தத் துண்டுகளைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. கழுத்துப் பக்கம் தந்தி நன்றாக வீசி ஆடும், பிரிட்ஜ் பக்கம் (வீணைக்காரர்கள் குதிரை என்பார்களே, அதன் அருகில்) ஆட்டம் ரொம்பக் குறைவு. மூன்றையும் ஒரே உயரத்தில் வைத்தால் கழுத்து பிக்கப் கத்தும், பிரிட்ஜ் முனகும். அதனால் பிரிட்ஜை உயர்த்தி, கழுத்தைத் தாழ்த்த வேண்டும். ரொம்ப உயர்த்தினால் காந்தம் தந்தியையே பிடித்து இழுக்கும், தடித்த தந்தி சுருதி சேராமல் அலையும். நான் அப்படி அலையவிட்டு, ட்யூனரைச் சந்தேகப்பட்டு, புது ட்யூனர் வாங்கிய கதையெல்லாம் உண்டு. பழைய வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. அதன் கூர்மையை விரலிலோ ஆம்ப்பிலோதான் மழுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நாப்ஃளர் எனக்குக் கேட்க ஆரம்பித்தார்.

1954இல் வந்த ஸ்ட்ராட்டில் ஸ்விட்ச்சுக்கு மூன்றே நிலை. ஒரு நேரத்தில் ஒரு பிக்கப். ஸ்விட்ச்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே மாட்டி நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் என்று கண்டுபிடித்தவர்கள் வாசித்தவர்கள்தான். ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்ச்சை வைத்தது 1977இல். அதுவரை இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சத்தம் கேட்லாகில் இல்லாத சத்தம். பல பேர் இதை 'அவுட் ஆஃப் ஃபேஸ்' என்பார்கள். தவறான பெயர். இரண்டு பிக்கப்பும் ஒரே ஃபேஸில்தான் இருக்கின்றன, ஆனால் ஒரே தந்தியை இரண்டு வேறு இடங்களில் இருந்து கேட்கின்றன. சில மேல்சுரங்களில் தந்தி ஓர் இடத்தில் மேலே போகும்போது இன்னோர் இடத்தில் கீழே வரும். கூட்டினால் அவை அழியும், மற்றவை தங்கும். உள்ளே குடைந்து எடுத்த மாதிரி ஒரு சத்தம்.

'சுல்தான்ஸ்' பாட்டை நாப்ஃளர் முதலில் எழுதியது நேஷனல் ஸ்டீல் கிட்டாரில். உலோக உடம்பு, ஆம்ப் தேவையில்லாத வாத்தியம். பாட்டு மந்தமாக இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1977இல் முதல் ஸ்ட்ராட் வாங்கி அதில் வாசித்ததும் உயிர் வந்தது. வார்த்தைகள் அதேதான். பத்திரிகை நிருபராகவும் ஆங்கில ஆசிரியராகவும் இருந்தவர், வார்த்தையைக் கோட்டைவிட்டிருக்க மாட்டார். இது இலக்கியம் படிப்பவர்கள் யோசிக்க வேண்டிய தகவல் என்று நினைக்கிறேன். உள்ளடக்கம் முன்னாடி, தொனி பின்னாடி என்று நாம் வைத்திருக்கும் வரிசை இங்கே செல்லுபடியாகவில்லை.

பாட்டின் கதை தெரியும்தானே. மழை ராத்திரி, தெற்கு லண்டன், ஒரு பப். மூலையில் ஜாஸ் பேண்ட் ஒன்று யாரும் கேட்காமல் வாசித்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒருவனுக்குப் பகலில் வேறு வேலை, அது போதும் அவனுக்கு. கிட்டார் வாசிப்பவன் அதை அழவைத்துக் காட்ட விரும்பாதவன். இந்தக் கதையை உடைந்து கதறுகிற கிட்டாரில் சொன்னால் பொய்யாகிவிடும். குடைந்தெடுத்த, ஒல்லியான, சிதறல் இல்லாத சத்தம்தான் அந்த ஆட்களின் அளவு. நாப்ஃளரின் குரலும் பாதி பேச்சு. ஒவ்வொரு வரி முடிந்ததும் கிட்டார் ஒரு பதில் சொல்கிறது, குரல் திரும்ப வருவதற்குள் ஒதுங்கிக்கொள்கிறது. பருமனான டோன் என்றால் ஒதுங்க இடம் இருக்காது.

அது மரியாதை இல்லை, பணயம்தான். பங்க் உச்சத்தில் இருந்த 1978இல், எல்லா கிட்டாரும் உறுமிக்கொண்டிருந்தபோது, ஒளிந்துகொள்ள டிஸ்டார்ஷன் இல்லாமல் ஒருவர் வாசிக்கிறார். ஒரு விரல் தடுமாறினாலும் வெளியே தெரியும்.

அவர் பிளெக்ட்ரம் பிடிப்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். கட்டைவிரல், இரண்டு விரல். சதை தந்தியைத் தொடும்போது முனை மழுங்குகிறது. பிக்கப் கொடுக்கிற கூர்மையை விரல் கழித்துவிடுகிறது. அவருடைய ஆம்ப் செட்டிங்கை அப்படியே வைத்து பிளாஸ்டிக் பிக்கால் வாசித்துப் பாருங்கள், தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். நான் வாசித்தது அப்படித்தான்.

தலைகீழ் உதாரணம் கிளாப்டன். 1967இல் க்ரீம் காலத்தின் 'வுமன் டோன்': கிட்டாரில் டோன் குமிழை முழுக்க மூடிவிட்டு, மார்ஷல் ஆம்ப்பை முழுக்கத் திறந்துவிடுவது. 1968 விடைபெறும் கச்சேரிப் படத்தில் அவரே வாசித்துக் காட்டுகிறார். ஒரு முனையில் மூடியதை இன்னொரு முனையில் திறக்கிறார். கிட்டாரை மட்டும் பார்த்தால் இருட்டு, ஆம்ப்பை மட்டும் பார்த்தால் காட்டுக்கத்தல், சேர்த்தால் பாடுகிறது.

என் நண்பர்கள் பலருக்கும் 1984இல் வந்த 'ஆல்கெமி' நேரடிப் பதிவுதான் பிடிக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் போகும். அபாரமான வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரிய அரங்கம் கேட்கிறது, கூட்டம் கேட்கிறது. யாரும் கவனிக்காத அந்த மூலை போய்விட்டது. அடுத்த வருடம் வந்த 'மனி ஃபார் நத்திங்'கில் லெஸ் பால் எடுத்தார். அந்தச் சத்தம் ஒரு விபத்து. ஸ்பீக்கர் முன்னால் வைத்த மைக்குகளில் ஒன்று தரையைப் பார்த்துக் கிடந்தது, சரி செய்யப் போவதற்குள் கேட்டது பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. உலகத்தில் நல்ல காதுள்ளவர்கள் செய்கிற பெரிய வேலை சில சமயம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான். 1991இன் 'ஆன் எவ்ரி ஸ்ட்ரீட்' வரும்போது அந்தக் காது களைத்துவிட்டது என்பேன். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. என் பழைய கட்டுரையை அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதியிருந்தால் பாதியாவது சரியாக இருந்திருக்கும்.

மேடைக்கு வருகிறேன். மிட் 8, பேஸ் 3 வைத்து இரண்டாவது பாட்டாக 'சுல்தான்ஸ்' வாசித்தோம். கேட்டது. எனக்கே கேட்டது. பாதிப் பாட்டில் பிரியாணி கவுண்டரைத் திறந்துவிட்டார்கள், நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. கடைசி ஆர்பெஜியோவில் இரண்டு இடத்தில் தடுமாறினேன், கவனிக்க ஆள் இல்லை. மிக்ஸர் அண்ணன் மட்டும் ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இறங்கி வந்ததும் கேபிளைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்ல பாட்டு தம்பி. யாரோடது?"