மருந்தாக வந்த பெண்

என் நாவல்களைப் பற்றி எத்தனையோ பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். நடை போதாது என்றவர்கள் உண்டு. கதையே இல்லை என்றவர்களும் உண்டு. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து வந்த ஒரு மாமியின் கேள்விக்குத்தான் நான் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாமிக்கு ஒரே பிள்ளை. தியாகராய நகரில் ஒரு பெண். இரண்டு வருஷமாக அவன் ஆபீஸ் விட்டதும் பனகல் பார்க்கில் இறங்கி, அவள் வீட்டுத் தெருமுனையில் போய் நிற்கிறான். செல்போனில் எண்ணை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறான். எனக்கு இஷ்டமில்லை, இனிமேல் வராதீர்கள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது. அப்புறமும் நிற்கிறான்.

“உங்க கதையிலே கடைசியிலே அந்தப் பொண்ணு சரின்னு சொல்லிடறா. இவ சொல்ல மாட்டேங்கறாளே! என் பிள்ளைக்கு என்ன பண்றது, சொல்லுங்கோ” என்றாள் மாமி.

அவள் சொன்ன கதை முப்பது வருஷத்துக்கு முன் நான் எழுதிய தொடர்கதை. அதில் கதாநாயகன் லஸ் முனையில் ஒரு மாடி வீட்டுக்கு எதிரே தினமும் நிற்பான். மாடி ஜன்னலில் விளக்கு அணைந்தால், அது தனக்கு அவள் காட்டிய ஜாடை என்று எடுத்துக்கொள்வான். ஆசிரியராகிய நானும், ஆமாம், ஜாடைதான் என்று தலையாட்டியிருக்கிறேன். மழை பெய்கிற ஒரு ராத்திரி அவள் குடையோடு இறங்கி வருவாள். அந்த அத்தியாயத்துக்கு வந்த கடிதங்களைப் போல வேறு எதற்கும் எனக்கு வந்ததில்லை.

மாமி போனபின் அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அவனுக்கு ஒன்பது பக்கம் கொடுத்திருக்கிறேன். செருப்பு தேய்ந்தது முதல் அவன் டீ குடித்த கடை வரை எல்லாம் இருக்கிறது. மாடிக்கு மட்டும் நான் ஒரு தடவைகூட ஏறவில்லை. விளக்கை அவள் ஏன் அணைத்தாள்? தூங்குவதற்காக இருக்கலாம். கீழே நிற்கிறவனுக்குத் தன் நிழல் தெரியக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம்.

கிளெராம்போ என்ற பிரெஞ்சு மனநோய் மருத்துவர் 1921ல் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஜார்ஜ் தன்மேல் காதல் கொண்டிருக்கிறார் என்று நம்பியவள் அவள். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே நிற்பாள். ஜன்னல் திரை அசைந்தால் அரசர் தனக்குச் செய்தி அனுப்புகிறார் என்று கொள்வாள். மருத்துவர் அதை வியாதி என்று எழுதினார். அதே ஜன்னலை நான் காதல் என்று எழுதினேன்.

நான் மட்டும் அல்ல என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. இருந்தாலும் இரண்டு திரைப்படங்களைச் சொல்ல வேண்டும். சந்தானபாரதி இயக்கிய ‘குணா’ 1991ல் வந்தது. செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’ 2003ல். இரண்டும் சாமான்யமான படங்கள் அல்ல. பின்தொடர்கிறவனுக்கு மனசில் ஒரு புண் இருக்கிறது என்று தெரிந்து எடுத்தவை. குணா மனநோய் மருத்துவமனையை அறிந்தவன். மற்றவன் சிறுவயதில் சொல்லொணாத கொடுமைகளுக்கு ஆளானவன். இவ்வளவு தெரிந்தும் இரண்டு படங்களும் தேடுகிற மருந்து ஒன்றேதான்: ஒரு பெண். குணாவிடம் கடத்தப்பட்டவள் கடைசியில் அவனை நேசிக்கிறாள். இரண்டாவது படத்தில் அந்த மருந்து கிடைக்கவில்லை. இரண்டு படங்களும் மலைச்சரிவில் முடிகின்றன. பெண், இல்லாவிட்டால் பாதாளம். நடுவில் ஒரு வைத்தியரின் நாற்காலி போட நம் கதைகளில் இடம் இல்லை. கமல்ஹாசன் அந்த வேஷத்தில் செய்திருப்பதை நான் இன்னும் ரசிக்கிறேன்; அதனால்தான் எனக்கு இந்த விஷயம் உறுத்துகிறது. மட்டமான படமாயிருந்தால் மறந்துவிட்டுப் போகலாம்.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இந்த இடத்தில் நம்மைவிட ஜாக்கிரதையானவர்கள். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று தனியே எடுத்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். மடல் விஷயம் இன்னும் நுட்பமானது. பனைமடல் குதிரையேறி ஊர் நடுவே வருவேன் என்று தலைவன் வாயால் சொன்னால் அதற்கு ஐந்திணையில் இடம் உண்டு. வள்ளுவரும் நாணுத் துறவுரைத்தலில் மடலைப் பேசுகிறார். உண்மையிலேயே ஏறிவிட்டானோ, அது பெருந்திணை. ஏங்கிச் சொல்வது வேறு, ஏறி வந்து நிற்பது வேறு என்று தொல்காப்பியர் கோடு போட்டார். அந்தக் கோட்டை அழித்தவர்கள் தொடர்கதை எழுதிய நாங்களும் சினிமாக்காரர்களும்தான்.

இன்றைய வைத்தியமும் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஆசையை அறுத்தெறி என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. கால் அந்தத் தெருவுக்குப் போகக் கூடாது, கை அந்த எண்ணை அழுத்தக் கூடாது என்பதுதான் முதல் வேலை. 1999ல் ஆஸ்திரேலியாவில் பால் முல்லன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும், தாங்கள் பார்த்த 145 பேரை ஆராய்ந்து ஐந்து வகையாகப் பிரித்தார்கள். உறவு முறிந்து விலக்கப்பட்டவன், இல்லாத உறவை நாடி, சமயத்தில் அது இருப்பதாகவே நம்புகிறவன், பழகத் தெரியாமல் துரத்துகிறவன், வஞ்சம் வைத்தவன், தாக்குவதற்காக வேவு பார்க்கிறவன். இவர்கள் எல்லோருக்கும் ஒரே கஷாயம் செல்லாது. பிரமை பிடித்தவனுக்குப் போலீஸ் மிரட்டல் உறைக்காது. காதலுக்கு வந்த சோதனை என்று அதையும் சேர்த்துக்கொள்வான். அவனுக்கு மருந்தும் மனநல மருத்துவரும் வேண்டும். பழகத் தெரியாதவன் சொன்னால் நின்றுவிடுவான். ஆனால் அடுத்த தெருவில் இன்னொரு பெண்ணுக்குப் பின்னால் போவான். அதுதான் அவனிடத்தில் கஷ்டம்.

தன்னையே காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்காக மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க அம்மையார் வகுத்த ஒரு பேச்சு சிகிச்சை உண்டு. பாரி ரோசன்பெல்டும் அவர் கூட்டாளிகளும் நியூயார்க்கில் அதைப் பின்தொடர்கிறவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 2007ல் எழுதினார்கள். புறப்படுவதற்கு முந்திய அந்த ஐந்து நிமிஷத்தில் மனசில் என்ன நடந்தது என்று அவன் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் தவிப்பு, எதுவும் செய்யாமல் இருந்தாலும், ஏறி இறங்கிவிடும் என்று பழக வேண்டும். சேர்ந்தவர்கள் 29 பேர். ஆறு மாதம் முழுக்க வந்தவர்கள் 14 பேர். அந்தப் பதினாலு பேரும் மறுபடி இந்தக் குற்றத்துக்குப் போகவில்லை. பின்னால், 2019ல், 109 பேரை வைத்து வேறொரு சிகிச்சையோடு ஒப்பிட்டபோது இது அதைவிட உயர்ந்தது என்று தெரியவில்லை. அற்புதம் ஒன்றும் இல்லை. பாதிப் பேர் நடுவில் எழுந்து போய்விட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தன்னை நோயாளி என்று நினைக்காதவன் ஏன் வருவான்? அவன்தான் கதாநாயகன் ஆயிற்றே!

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1998ல் ஒரு கல்லூரி மாணவி இந்த ஊர்த் தெருவில் சீண்டலுக்குப் பலியான பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2013 முதல் பின்தொடர்வதே தனிக் குற்றம். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்ந்தால் குற்றம் என்கிறது. என் மழை அத்தியாயத்துக்கு இதைவிடக் கடுமையான விமர்சனத்தை எந்த விமர்சகரும் எழுதியதில்லை.

ஆனாலும் சிறைக்குள் போகிற மனசை யார் பார்க்கிறார்கள்? 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். பின்தொடர்ந்தவன் என்று கைதான இளைஞன், வழக்கு விசாரணை நடக்குமுன், செப்டம்பரில் புழல் சிறையில் இறந்தான். அந்தக் கதையில் பேச வேண்டிய இரண்டு பேரும் பேசாமலே போய்விட்டார்கள். அடையாற்றில் குடிகாரர்களுக்கென்று டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடிகாரனோடு அவன் வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். குடியை வியாதி என்று ஒப்புக்கொள்ள நமக்கு வெகு காலம் ஆயிற்று. பின்தொடர்கிறவனுக்கென்று பெயர்ப்பலகை போட்ட வாசல் எதையும் நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

மாமி மறுவாரம் வந்தாள். பிள்ளையை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி சொன்னேன்.

“அவனுக்குப் பைத்தியமா என்ன? அவளுக்கும் உள்ளூர ஆசைதானாம், வீட்டுக்குப் பயந்துண்டு சொல்லலையாம்.”

“அதைத்தான் மாமி, டாக்டர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்” என்றேன். “பிள்ளை வராவிட்டால் நீங்களாவது முதலில் போய்ப் பேசுங்கள்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, “நானும் ரெண்டு தடவை வெத்திலை பாக்கு, புஷ்பமெல்லாம் எடுத்துண்டு போய்க் கேட்டேன். ரெண்டாம் தடவை கதவையே திறக்கலை” என்றாள்.

நாவலின் அடுத்த பதிப்புக்கு அந்த ஒன்பது பக்கங்களையும் எடுத்துவிட்டு, மாடி அறைக்குள்ளிருந்து புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் இப்போது கொல்லைப்புறச் சந்து வழியாக அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போய் பஸ் ஏறுகிறாள். மழை பெய்கிறது, குடை மூலையில் கிடக்கிறது. கதை ஓடவில்லையே என்கிறார் பதிப்பாளர்.