விட்டதை எண்ணிய பரம்பரை

நம் நூலகர் மன்றத்தின் மலர்க்குழு அண்ணாச்சி ஒன்று கேட்டு நான் மறுத்துப் பழக்கமில்லை. ‘தேடித் தரும் முறைகளோட தரத்தை எப்படி அளக்கதுன்னு நாலு பக்கம் எழுதுங்க’ என்றார்கள். ரீகால், பிரிசிஷன், செயின் இன்டெக்ஸ் எல்லாம் நம் மன்றத்தாருக்குப் பாடமானவை. ஆகவே அரிச்சுவடியை விட்டுவிடுகிறேன்.

நமக்கு மிகப் பழையது ஏட்டு மரபு. உ.வே.சா. சுவடி தேடித் திருநெல்வேலிக் கவிராயர் வீட்டுக்கு வந்ததை இவ்வூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மரபில் கேள்வி ஒன்றுதான்: ஓர் ஏடாவது விட்டுப்போனதா? வேண்டாத கட்டுகள் நூறு அவிழ்க்க நேர்ந்தாலும் பரவாயில்லை. அடுத்து சீர்காழி ரங்கநாதன் மரபு. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டவர், நான்காவதில் வாசகரின் நேரத்தையும் கணக்கில் சேர்த்தார். வேண்டாத கட்டை அவிழ்க்கவைப்பதும் அன்றுமுதல் குற்றமாயிற்று. நான் இந்த இரண்டாம் வீட்டுப் பிள்ளை. நடுநிலையை என்னிடம் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இரண்டு கவலைகளையும் எண்ணாக்கிப் பார்த்தது இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு. அங்கே விமானவியல் கல்லூரியின் நூலகரான கிளெவர்டன், 1950களின் கடைசியில் 18,000 ஆவணங்களை நான்கு முறைகளில் அட்டவணைப்படுத்தித் தேடவைத்தார். தனித்தனிச் சொற்களைக் கோத்த யூனிடெர்ம் சுமார் 82 விழுக்காடு கண்டெடுத்து முதலிடம் பெற்றது. ரங்கநாதனின் கோலன் பகுப்பு வழிவந்த நம் ஃபேசட் முறை 74ஓடு கடைசி. எனக்கு நூலகப் பணி கற்பித்த ஐயாவிடம் இதைச் சொன்னால், ‘அவன் வச்சது கோலன் இல்லவே, அதுக்குத் தங்கச்சி மகன்’ என்பார்கள். அது வாதத்துக்குச் சரிதான். அதைவிட வலுவான வாதமும் உண்டு. கிரான்ஃபீல்டில் ஓர் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கேள்வி எழுதி, அதே ஆவணம் கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். 1965இல் ஸ்வான்சன் இந்த ஓட்டையைப் பிட்டுவைத்தார். ஆனால் அதைத் திருத்தி 1,400 ஆவணங்களோடு நடத்திய இரண்டாம் சோதனையிலும் கட்டுரையில் உள்ள சாதாரணச் சொற்களே முந்தின. அதைக் கேட்டால் ஐயா வெற்றிலைச் செல்லத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

ஐயாவின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டைக் கல்லூரி நூலகம் ஒன்றில் அவர்களிடம் பயின்றவர்களுக்கு ‘விட்டது நோட்டு’ நினைவிருக்கும். கோடை விடுமுறையில் கேள்வி ஒன்றைத் தருவார்கள். முதலில் அட்டைப் பெட்டியில் தேடி எழுத வேண்டும். பிறகு அலமாரி அலமாரியாக நடந்து, அட்டை காட்டாமல் விட்ட நூல்களை நோட்டில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம்: தலைப்புக் கொடுத்தவர் பிழையா, தேடியவர் பிழையா, எழுத்துக்கூட்டலா? ரேனியஸ் பற்றிக் கேட்டால் இரேனியஸ், ரேனியுஸ் என்று வரும். திருநெல்வேலி வரலாறு கேட்டால் கால்டுவெல்லின் 1881ஆம் ஆண்டு நூல் ‘டின்னவெல்லி’யில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு வரியைக் காரணமில்லாமல் விட்டால் ஐயா மறுபடி நடக்கவிடுவார்கள். அமெரிக்க மருத்துவ நூலகத்தின் மெட்லார்ஸ் தேடலை லங்காஸ்டர் சோதித்து 1968இல் தந்த அறிக்கையைப் பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. ரீகால் (பொருந்தியவற்றில் கண்டெடுத்தது) 58, பிரிசிஷன் (கண்டெடுத்ததில் பொருந்தியது) 50 விழுக்காடு என்ற அளவில் தன் குறையைத் தானே அச்சிட்ட அந்த நூலகமும், தவறு ஒவ்வொன்றையும் காரணவாரியாகப் பிரித்திருந்தது. அதுவும் விட்டது நோட்டுதான், கொஞ்சம் தடிமனானது.

இன்றைய நிலையைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாகலாம். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. திறமையான இளைஞர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஆனால் புது மென்பொருள் நல்லதா என்று கேட்டால், ‘சட்டுன்னு வருது சார்’ என்கிறார்கள். எது வருகிறது, எது வரவில்லை? ‘குளம்’ என்று அடித்தால் ‘குளத்தில்’, ‘குளங்கள்’, ‘குளத்தங்கரை’ மூன்றையும் விடுகிற தேடுபெட்டிக்கு எப்படி மதிப்பெண் போட்டார்கள்? குளங்களால் வாழ்ந்த மாவட்டத்தில் இப்படியொரு தேடலா! ஆய்வுக்கு வந்த குழு ஒன்று கணினிகளை எண்ணியது, நாற்காலிகளை எண்ணியது, குளிர்சாதனப் பெட்டியின் பில்லைக் கேட்டது. ஒரு கேள்விகூடத் தேடிப் பார்க்காமல் சாப்பிடப் போனது. அட்டைப் பெட்டிகள் எடைக்குப் போயின. போகட்டும், மரம்தானே. அவற்றோடு ஐயாவின் நோட்டுகளும் போனதை நான் மன்னிக்கவில்லை. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதை எதிர்த்துப் போராட ஆள் இருக்கிறது. இதற்கு ஒரு தீர்மானம் போடக்கூட நாதியில்லை. இப்படியே போனால் இன்னும் ஒரு தலைமுறையில், தேடிக் கிடைக்காதது உலகத்திலேயே இல்லை என்று சாதிப்பார்கள். ஏன், இப்போதே சாதிக்கிறார்கள்.

மேல்நாட்டில் 1992இல் தொடங்கிய டிரெக் என்ற தேடல் மதிப்பீட்டு அரங்கில், பல முறைகள் தந்த விடைகளின் மேல்பகுதியை ஒன்றாகக் குவித்து, அந்தக் குவியலை மட்டும் ஆள் வைத்துப் படித்துத் தீர்ப்பு எழுதினார்கள். குவியலுக்கு வராதது பொருந்தாதது என்றே கணக்கு. அலமாரி முழுக்க நடந்தவர்களுக்கு இது குறுக்குவழியாகத்தான் தெரியும். லட்சக்கணக்கான ஆவணங்களில் வேறு வழியில்லை என்பதும் தெரிகிறது. 2008இல் கொல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தார் முன்னின்று தொடங்கிய ஃபயர் அரங்கு, இதே முறையை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்தது. வங்காளம், இந்தி, மராத்தி முன்னால் போயின. தமிழ் பின்னால் போய்ச் சேர்ந்தது. வேற்றுமை உருபுகளை ஒட்ட வெட்டித் தேடுவதில் அங்கே நடந்த வேலையை நம் மன்றத்தார் பார்க்க வேண்டும். ரங்கநாதன் வீட்டார் கணினிக்காரர்களிடம் பேசக் கூடாது என்று சத்தியம் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த பொதுக்குழுவில் நெல்லைச் செய்திகள் பற்றி நூறு கேள்விகள் சேர்ப்போம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கேள்வியையும் மாவட்ட மைய நூலகத்தில் கணினியிலும் தேடி, அலமாரியிலும் நடந்து பார்க்கலாம். நடக்க முழங்கால் ஒத்துழைக்காத மூத்தோர், கேள்விகளை எழுதித் தந்தால் போதும். ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத வேண்டாம். கிரான்ஃபீல்டில் முதல் தடவை அப்படித்தான் எழுதினார்கள்.